பத்தாவது தேறினால் போதுமா?

‘வெளிநாடு’ என்னும் சொல்லுக்கு நம் மக்களிடையே ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. நம் கோச்சடையிலும், அடுத்துள்ள விராட்டிபத்துப் பக்கத்திலும் ஒரு வீட்டு வாசலில் விமான நிலையத்திலிருந்து வந்த கார் நின்றால் தெருவே எட்டிப் பார்க்கும். கயிறு கட்டிய பெரிய பெட்டி இறங்கும். அதற்குள் கோடாலித் தைலம், பால் பவுடர் டின், அத்தர் பாட்டில், கனத்த போர்வை, சாக்லேட் எல்லாம் இருக்கும். சாக்லேட்டில் நமக்கும் பங்கு வரும் என்பதால் நாமும் எட்டிப் பார்ப்பதுண்டு! “என்ன கொண்டு வந்தீங்க? திரும்ப எப்பப் போறீங்க?” என்ற இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடும். அங்கே எப்படி வாழ்ந்தார், எதற்கு அஞ்சினார், எது தெரியாமல் திண்டாடினார் என்று யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

இந்த ஆண்டு பொதுத் தேர்வு எழுதவிருக்கும் நாங்கள் இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வோருக்கான சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன் கீழ் வந்த விதிகளின்படி, பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் குவைத், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். அவருடைய பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ என்ற குறிப்பு இருக்கும். ஈ.சி.ஆர். என்றதும் பலருக்குச் சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கடற்கரைச் சாலைதான் நினைவுக்கு வரும். இது வேறு. “இவர் புறப்படுமுன் சரிபார்க்க வேண்டும்” என்பது இதன் பொருள். பத்தாவது தேறிய சான்றிதழைக் காட்டியவர்களுக்கு இந்தக் குறிப்பு கிடையாது. வருமான வரி கட்டுவோர் போன்ற வேறு சிலருக்கும் விலக்கு உண்டு.

ஈ.சி.ஆர். உள்ளவருக்கு என்ன கிடைக்கிறது தெரியுமா? அவருடைய வேலை ஒப்பந்தத்தை அதிகாரி பார்க்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய் கட்டினால் பத்து இலட்ச ரூபாய்க்கான விபத்துக் காப்பீடு கட்டாயமாகச் செய்யப்படுகிறது. புறப்படுமுன் ஒரு நாள் பயிற்சியும் உண்டு. தேறியவர்களை இப்படி நிறுத்தி விசாரிக்க ஆளில்லை. அவர்கள் படித்தவர்கள், தம்மைத் தாமே பார்த்துக்கொள்வார்கள் என்பது எண்ணம். ஆக, ஐந்து பாடத்திலும் முப்பத்தைந்து மதிப்பெண் எடுத்துவிட்டால் நாங்கள் ‘சரிபார்க்கத் தேவையில்லாதவர்கள்’ ஆகிவிடுவோம்! அரசு எங்கள்மேல் வைத்திருக்கும் இந்த நம்பிக்கை பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கைக்கு நாங்கள் தகுதியானவர்கள்தானா?

கசகசாவை எடுத்துக்கொள்வோம். மதுரையில் குருமாவுக்குத் தேங்காயோடு கசகசா அரைக்காத வீடு உண்டா? மகன் துபாய்க்குப் புறப்பட்டால் அம்மா மிளகாய்த்தூள், ஊறுகாய், பருப்புப்பொடியோடு ஒரு சிறு பொட்டலம் கசகசாவையும் பாசத்தோடு கட்டித் தருவார். கசகசா என்பது அபினிச் செடியின் விதை. நம் நாட்டுப் போதைப்பொருள் சட்டம் அச்செடியின் மற்றப் பாகங்களைக் கட்டுப்படுத்தினாலும் விதைக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே மளிகைக் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஐக்கிய அரபு அமீரகமோ, சிங்கப்பூரோ அந்த விலக்கைத் தருவதில்லை. அங்கே கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். அம்மா கட்டித் தந்த பொட்டலம் விமான நிலையத்தில் போதைப்பொருளாகிவிடுகிறது. இருமலுக்கும் வலிக்கும் நம் மருந்துக் கடையில் வாங்கும் சில மருந்துகளுக்கும் இதே கதிதான். கோடீன், டிரமடால் கலந்த மருந்துகளை மருத்துவரின் சீட்டும் முன் அனுமதியும் இன்றி வளைகுடாவுக்குக் கொண்டுபோவது பெரும் குற்றம். தாவரவியலில் நாங்கள் எத்தனையோ செடிகளின் பாகங்களை வரைந்து பெயர் எழுதியிருக்கிறோம். இதை ஒரு வரியாகக்கூட யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அடுத்து, சாலை. நாம் சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்க்கிறோம். யோசித்துச் செய்வதில்லை, கழுத்து தானாகவே திரும்புகிறது. வளைகுடா நாடுகள் அனைத்திலும் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. நாம் வலப்பக்கம் பார்த்துக் காலை வைக்கும்போது இடப்பக்கத்திலிருந்து வண்டி வந்துவிடுகிறது. இது படிக்காதவருக்கு நேரும் பிழை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் வின்ஸ்டன் சர்ச்சில் 1931 டிசம்பரில் நியூயார்க் நகரில் இப்படித்தான் தவறான பக்கம் பார்த்துச் சாலையைக் கடந்து காரில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். பின்னாளில் பிரதமரான அவருக்கே அப்படியென்றால், இரவு இரண்டு மணிக்கு இறங்கி விடியற்காலை வேலைக்கு ஏற்றிச் செல்லப்படும் நம் ஊர்ப் பையனுக்கு எப்படி இருக்கும்?

வெயிலைப் பற்றிச் சொன்னால், “நாம பார்க்காத வெயிலா!” என்று மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். சித்திரை வெயிலில் அழகரைக் காண வைகை மணலில் நின்றவர்கள் அல்லவா நாம்! ஆனால் குவைத் நாட்டின் மித்ரிபா என்னும் இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. கடற்கரை நகரங்களில் சூடு சற்றுக் குறைந்தாலும் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது என்று அறிவியல் பாடத்தில் படித்தோம். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. உடல் உள்ளுக்குள் கொதிக்கும். ஆகையால்தான் குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை பகல் பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை. விதி இருப்பது தெரிந்தால்தானே நிழலுக்குப் போக முடியும்? “நான் மதுரைக்காரன், எனக்கு வெயில் பழக்கம்” என்ற வீம்பு அங்கே உயிருக்கு ஆபத்து.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தப்பா சொன்னது இது. கோடையில் அங்கே மொட்டை மாடித் தொட்டி கொதித்துக் கிடப்பதால் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருமாம். ஆகவே வெந்நீர்க் கொதிகலனின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் நிழலில் இருக்கும் அந்தக் கலத்துத் தண்ணீரைக் குளிர்ந்த நீராகப் பயன்படுத்துவார்களாம். புதிதாய்ப் போனவர் முதல் நாள் சூடு தாங்காமல் அலறியடித்து வெளியே வருவதைப் பழையவர்கள் கூடி நின்று ரசிப்பதும் வழக்கமாம்!

வெயிலை எதிர்பார்த்துப் போகிறவர்கள் குளிரை எதிர்பார்ப்பதில்லை. பாலைவனத்தில் மார்கழி, தை மாத இரவுகள் நடுங்க வைக்கும். மதுரையில் குளிர்காய்வது என்றால் போகிக்கு வாசலில் கொளுத்துவதுதான். அங்கே கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவையும் சன்னலையும் இறுக மூடிப் படுத்து, காலையில் எழாமலே போனவர்கள் உண்டு. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுகிறார். ஹீமோகுளோபின் என்றால் என்ன என்று எங்களைக் கேட்டால் எல்லோரும் கை தூக்குவோம். அதைக் கரி அடுப்போடு சேர்த்துப் பார்க்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லாத சங்கடங்கள் இன்னும் பல. நாம் ‘சரி’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோம். பிற நாட்டு மேற்பார்வையாளர் அதை ‘முடியாது’ என்று எடுத்துக்கொண்டு கோபிக்கிறார். வழியில் போகிற பெண்ணின் பின்னால் தெரியும் கட்டடம் அழகாக இருக்கிறதென்று போட்டோ எடுத்தால், அப்பெண்ணின் இசைவின்றிப் படம் எடுத்த குற்றம். நண்பனைக் கோபத்தில் திட்டிச் செய்தி அனுப்பினால் அமீரகத்தில் அதுவும் வழக்கு. ரமலான் மாதத்தில் குவைத்தில் பகல் வேளையில் பொது இடத்தில் தண்ணீர் குடித்தாலும் அபராதம். இவையெல்லாம் அநியாயமான சட்டங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அவர்கள் முறை. காலணியைக் கழற்றாமல் நம் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியல் அறிஞர் 1960-இல் எழுதிய ஒரு கட்டுரையின் மூலம் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்னும் சொல் பரவியது. எப்போது கை குலுக்குவது, எப்போது ‘வேண்டாம்’ என்று சொல்வது போன்ற நூற்றுக்கணக்கான சிறு அடையாளங்களை நம்பியே நாம் ஊரில் நடமாடுகிறோம். அவை அனைத்தும் ஒரே நாளில் கைவிட்டுப் போவதால் வருவதே இந்த அதிர்ச்சி என்று அவர் விளக்கினார். எங்களுக்கு இது மிகவும் பொருத்தமாகப் படுகிறது. கோச்சடையில் ஐயனார் கோயில் குதிரையைப் பார்த்தே வழி சொல்லிவிடலாம். எந்தக் கடையில் கடன் கேட்கலாம், எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தராமலே நமக்குத் தெரியும். இந்தத் தெரிவு முழுவதையும் நாலைந்து மணி நேர விமானப் பயணத்தில் ஒருவர் இழந்துவிடுகிறார்.

அந்நிய மண்ணில் தடுமாறுவது நமக்கு மட்டும் உரியதன்று. நம் கோச்சடையிலேயே மேலக்கால் சாலையில் இன்று ஹோட்டலாக இருக்கும் தோட்ட வளாகம், ஒரு காலத்தில் மதுரா கோட்ஸ் ஆலை அதிகாரிகளுக்கான கிளப்பாக இருந்தது. இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் வடிவமைத்தது. சீமையிலிருந்து வந்த துரைமார், மாலையில் தம் மொழி பேசி, தம் உணவை உண்டு, தம்மவரோடு இருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. நாம் அதைக் குறை சொல்லவில்லை. மனித இயல்பு அதுதான். ஆனால் நம்மவர் அங்கே போனால் அவருக்குக் கிடைப்பது கிளப் அன்று. ஓர் அறையில் எட்டுப் பேரோடு அடுக்குக் கட்டிலில் ஓர் அடுக்கு.

இன்னொரு அந்நியரையும் நாம் அறிவோம். இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606-இல் மதுரைக்கு வந்தார். ஐரோப்பியரைப் ‘பரங்கி’ என்று மக்கள் ஏன் ஒதுக்குகிறார்கள் என்பதை முதலில் கவனித்தார். புலாலை விட்டார், உடையை மாற்றினார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார், தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்டார். அவர் செய்தது சரியா என்று அவருடைய சபையினரே பல ஆண்டுகள் வாதிட்டார்கள். அது வேறு கதை. நாம் கவனிக்க வேண்டியது, அவருக்கு நேரம் இருந்தது என்பதை. கேட்டுக் கற்றுக்கொள்ள மாதங்களும் ஆண்டுகளும் இருந்தன. வட்டிக்குக் கடன் வாங்கிப் போகிறவருக்கு ஒரு நாள்கூட இல்லை. இறங்கிய மறுநாளே சம்பாதிக்க வேண்டும்.

கடன் என்றதும் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பு சொன்ன தோழியின் சித்தப்பாவை ஓர் ஏஜெண்டு ஏ.சி. மெக்கானிக் வேலை என்று சொல்லி அனுப்பினார். விமானம் ஏறும் நேரத்தில்தான் உறையைக் கையில் கொடுத்தார்களாம். தாள் முழுவதும் அரபு எழுத்து. போய்ச் சேர்ந்த பின் அவர் கிடங்கில் மூட்டை தூக்கினார். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். அப்படி வாங்கி வைப்பது பல வளைகுடா நாடுகளில் சட்டப்படி தவறு, ஆனாலும் நடக்கிறது. கஃபாலா என்னும் முறையில் ஒருவர் நாட்டில் தங்கும் உரிமையே முதலாளியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், சொல்லாமல் வேலையை விட்டால் ‘ஓடிப்போனவர்’ என்று அவர்மேலேயே புகார் எழுதலாம். சில நாடுகள் அண்மை ஆண்டுகளில் இம்முறையைத் தளர்த்தியிருக்கின்றன; எல்லா நாடுகளும் அல்ல. அந்தச் சித்தப்பா பத்தாவது தேறியவர் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். அவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். இல்லை. அவருடைய ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்க்கவில்லை. ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே என்பது அவருக்கும் தெரியாது, நகையை அடகு வைத்த சித்திக்கும் தெரியாது.

2024 ஜூன் 12 அன்று விடியற்காலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கிய அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. தீ பற்றியது கீழ்த்தளத்தில். புகை மேலே ஏறி, உறங்கிக்கொண்டிருந்தவர்களை மூச்சுமுட்டச் செய்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டினர். இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு உடல்கள் வந்திறங்கியதைச் செய்தியில் கண்ட அன்று பெற்றோர் பலர் தொலைபேசியை எடுத்தார்கள். “நீ எத்தனையாவது மாடியில் இருக்கிறாய்? படிக்கட்டு எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்கள். அதுவரை வாரந்தோறும் பேசியும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. “நல்லா இருக்கேன்” என்ற பதிலே போதுமானதாக இருந்தது. அங்கிருப்பவர் நம்மை வருத்தக் கூடாதென்று மறைக்கிறார். நாம் அவரை வருத்தக் கூடாதென்று கேட்காமல் இருக்கிறோம். இந்த இருபக்கப் பாசத்துக்கு நடுவில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பெண்களுக்கு இன்னொரு விதியும் இருக்கிறது. பத்தாவது தேறாத பெண், செவிலியராக இல்லாவிட்டால், முப்பது வயது நிறையும் வரை அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அனுமதி இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் இளம்பெண்களுக்கு நேரும் கொடுமைகளை எண்ணியே இந்த விதி. ஆனால் தேறிய பெண் பதினெட்டு வயதிலேயே போகலாம். ஒரு மதிப்பெண் பட்டியல் பன்னிரண்டு வயதைக் கூட்டிவிடுகிறது! பூட்டிய வீட்டுக்குள், மொழி தெரியாத இடத்தில், முப்பத்தைந்து மதிப்பெண் எடுத்தவளும் முப்பத்து நான்கு எடுத்தவளும் ஒரே நிலையில்தான் இருப்பார்கள் அல்லவா? விதியை எடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. வாசல் அடைபட்டால் சிலர் சுற்றுலா விசா என்னும் பின்வாசல் வழியாக அனுப்பப்படுகிறார்கள் என்பதையும், அப்படிப் போகிறவளைப் பற்றி எந்த அலுவலகத்திலும் ஒரு பதிவுகூட இருக்காது என்பதையும் பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

“இதெல்லாம் உங்களுக்கு ஏன்? நன்றாகப் படித்து மேலே போங்கள்” என்று சொல்லலாம். மேலே போவோம். ஆனால் எங்கள் வகுப்பில் அண்ணனோ, மாமாவோ, அப்பாவோ வெளிநாட்டில் இருக்கும் மாணவியர் இருக்கிறார்கள். நாளை எங்களில் ஒருத்தி செவிலியாக ஓமனுக்கோ, கணவரோடு சிங்கப்பூருக்கோ போகலாம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, ஆகையால் கவலையில்லை என்று நினைப்பவள் கசகசாவோடு போய் இறங்கக் கூடாது.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் அன்று. பொதுத் தேர்வு முடிந்து முடிவு வரும் வரை எங்களுக்கு விடுமுறை. அதில் ஒரு பிற்பகலைப் பள்ளியில் இதற்கென ஒதுக்கலாம். ஓர் ஒப்பந்தத் தாளை எங்கள் முன் வைத்து, சம்பளம் எந்த வரியில் இருக்கிறது, வேலை நேரம் எந்த வரியில், திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஏஜெண்டு அரசிடம் பதிவு பெற்றவரா என்று எப்படிப் பார்ப்பது, பாஸ்போர்ட்டின் பிரதியை வீட்டில் யாரிடம் வைப்பது, தூதரகத்தின் எண்ணை எங்கே குறித்துக்கொள்வது என்று சொல்லித் தரலாம். ஜனவரி 12-ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகத் தமிழக அரசு 2022 முதல் கொண்டாடி வருகிறது. விழாவோடு சேர்த்து ஒவ்வொரு பள்ளிக்கும் தமிழில் ஒரு சிறு கையேட்டை அன்று அனுப்பினால் நல்லது.

கையேடு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். சாயங்காலம் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் அவர்களைப் பள்ளிக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தால் போதும். எங்கள் வகுப்பில் கேள்விகளைத் தொகுக்கத் தொடங்கிவிட்டோம். இதுவரை நாற்பத்தொன்று சேர்ந்திருக்கின்றன.